டோக்கனின் பின்பக்கம்

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? திருப்பூரில் நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று கம்பெனியில் ரத்தப் பரிசோதனை முகாம். ரத்தம் எடுக்க வந்த அக்காவின் பையில் ஜிப் போய், ஊக்கு குத்தியிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். கூச்சத்தில் வழக்கம்போல வரிசையில் கடைசியாக நின்றதால், பேச நேரம் கிடைத்தது. சாலவாக்கத்துக்காரராம். என்ன படித்தார் என்று நானே வாயைத் திறந்து கேட்டேன், நைனா! தங்கச்சி ஷாலினி சேர நினைக்கும் அதே லேப் டிகிரியை, தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்தவர்.

“பதினாறாயிரம் சம்பளத்துல ஒம்பதாயிரத்த பேங்க்காரன் துன்னுக்கினு கீறான். கூட வேலை செய்ற பொண்ணு கவர்மென்ட் காலேஜ்ல படிச்சா. அதே சம்பளம்தான். அவ ஸ்கூட்டி வாங்கிட்டா, நான் ஊக்கு வாங்கினேன்” என்று சிரித்தார்.

படிப்பு நல்லதுதான், நைனா. நம் வீட்டின் முதல் டிகிரி. அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஷாலினியின் மார்க்குக்கு இடம் கிடைக்கலாம் என்றார் அந்த அக்கா. அதுவரை அந்தத் தனியார் கல்லூரி ஏஜென்டிடம் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடாம். எட்டாவதோடு நின்றவள் சொல்கிறாளே என்று தள்ளிவிடாதீர்கள்.

இதைக் கொண்டுவரும் அம்முலு அக்கா திரும்பும்போது வறுத்த வேர்க்கடலை கொஞ்சம் அதிகமாகவே அனுப்புங்கள். அப்போதுதான் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரிகள் என்னோடு பேசுவார்கள்.

பெல் அடித்துவிட்டது. விண்ணப்பிக்கும் விவரத்தை அந்த அக்கா என் முகாம் டோக்கனின் பின்பக்கம் எழுதித் தந்தார். வழியில் விழாதபடி, இந்தத் தாளோடு சேர்த்து மிஷினில் தைத்துவிட்டேன்.

இளவரசி