நான்கு வரை எண்ணும் ஞாயிறு

மார்ச் 3, ஞாயிறு
மகள் கீபோர்டு வாசித்தாள். நான் கைதட்டி ஒன்று முதல் நான்கு வரை திரும்பத் திரும்ப எண்ணினேன். வாரம் ஒரு முறை, வீடியோ காலில், அரை மணி நேரம். அவள் அம்மாவும் நானும் பிரிந்தபின் அப்பாவாக எனக்கு மிஞ்சிய வேலை இது ஒன்றுதான். இன்றும் சொதப்பல்.

"அப்பா, நீங்க இழுக்குறீங்க. உங்களோட சேர்ந்து நானும் மெதுவாயிடறேன்."

எனக்கென்னவோ அவள்தான் பின்தங்குவது போலக் கேட்டது.

மார்ச் 6
பல் துலக்கும்போதுகூட நான்கு நான்காக எண்ணுகிறேன். பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சரி.

மார்ச் 10, ஞாயிறு
"அம்மா மெட்ரோனோம் வாங்கித் தர்றாங்களாம்பா. அதுவே டிக் டிக்குன்னு எண்ணிடும். நீங்க கஷ்டப்பட வேணாம்."

நல்லதுதானே கண்ணு என்றேன். நல்லதா? கையளவு பெட்டி ஒன்று என் வேலையைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறது. அப்புறம் எதற்குக் கூப்பிடுவாள்? சாப்டீங்களாப்பா, சாப்டேன் கண்ணு — அதோடு சரி. புள்ள இல்லாம இந்த வீடு... போதும், தூங்கு.

மார்ச் 13
கம்பெனியில் அட்டைப்பெட்டி வெட்டும் மெஷின் திறந்து மூடும் வேகத்துக்கு அட்டையை வைத்து எடுக்க வேண்டும். மகள் நினைப்பில், அது திறந்ததைப் பார்த்த பிறகே கையை நீட்டினேன். அட்டை கோணலாக மாட்டியது. மேஸ்திரி அம்மா கத்தினார்: "அதும் மூஞ்சியப் பாத்துட்டு நின்னா எப்படிப்பா? பதினஞ்சு வருசமா இப்படியா வச்சே?"

அப்போதுதான் உறைத்தது. அவள் வாசிப்பது போனில் எனக்குச் சற்றுத் தாமதமாக வருகிறது. அதைக் கேட்டுவிட்டு நான் தட்டுகிறேன். அது இன்னும் தாமதமாக அவளிடம் போகிறது. அடுத்த தட்டு எப்போது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் தாளம். காத்திருப்பதுதான் தப்பு. எனக்கு அதைவிட்டால் வேறென்ன தெரியும்?

மார்ச் 17, ஞாயிறு
அவளுக்காகக் காத்திராமல் ஒரே சீராக எண்ணினேன். என் காதில் அவள் அரைத் தட்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். நின்று அவளையும் சேர்த்துக்கொள்ளக் கை பரபரத்தது. நிற்கவில்லை. பாட்டு முடிந்தது.

"அப்பா! கரெக்டா சேர்ந்துச்சுப்பா!"

அவள் மேசைமேல் மெட்ரோனோம், பிரிக்காத பெட்டியில். பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

"அடுத்த வாரமும் நீங்களே எண்ணுங்க" என்றாள்.

அங்கே சேர்ந்துவிட்டது. இங்கே கடைசிவரை தள்ளியே கேட்டது. அது போதும் எனக்கு — இல்லை, போதாது. ஆனால் இன்னும் ஏழு நாளில் ஞாயிறு.