மாமா கேட்ட விவரம்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்னும் கோபம் அடங்கவில்லை. சாயங்காலம் மாடம்பாக்கத்திலிருந்து மாமா வந்தார். அவர் மகன் கார்த்திக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஏதோ வைத்தியம் செய்துகொண்டாளாம்.

"டேட்டாபேஸ் மொத்தமும் உன் கையிலதானப்பா இருக்கு? பேரைப் போட்டு, என்ன வியாதின்னு மட்டும் பார்த்துச் சொல்லேன்" என்றார்.

"முடியாது மாமா."

"நான் என்ன வெளியாளா?"

அம்மா காபியோடு வந்து, "பாரேன்டா, குடும்ப விஷயம்" என்றாள். மாமா இதற்காகத்தான் வருகிறார் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்த்தியின் உடம்பைப் பற்றியும் பேச்சில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "யார் எதைத் திறந்து பார்த்தாலும் சிஸ்டத்துல பதிவாகும். என் வேலையே போயிடும்!" என்று கத்தினேன்.

மாமா உடனே தணிந்துவிட்டார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? உன் வேலைதான் முக்கியம்" என்று தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். அம்மாவும் சமாதானமாகிவிட்டாள்.

மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றால் பார்த்துச் சொல்லியிருப்பேன் என்றுதான் இருவரும் நம்புகிறார்கள். நம்பும்படி நான்தானே பேசினேன். "அது தப்பு மாமா." இதைச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?