நாய்ப் பிராது

ஜூன் 12, வியாழன்

அவர் படுத்தார், நாய்கள் எழுந்துகொண்டன. தினமும் இதே கூத்து.

ராத்திரி முழுக்கப் பீங்கான் கம்பெனிச் சூளை முன்னால் வெந்துவிட்டு வருகிற மனுஷன். குளித்து, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஜன்னலுக்கு என் பழைய புடவையை மாட்டி இருட்டாக்கிக்கொண்டு படுக்கிறார். கண் அசருகிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு முத்தாயி அக்காவின் நாய்களில் ஒன்று ஆரம்பிக்கும். உடனே மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். பால்காரருக்கு ஒரு பாட்டம், குப்பை வண்டிக்கு ஒரு பாட்டம், ஸ்கூல் வேனுக்கு ஒரு பாட்டம். யாருமே வராவிட்டால் ஏன் யாரும் வரவில்லை என்று ஒரு பாட்டம்.

அவர் தூங்க வேண்டுமே என்று நான் தையல் மிஷினைக்கூட ஓட்டுவதில்லை. ஜாக்கெட் துணி மூட்டையாகக் கிடக்கிறது. கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கிசுகிசுவென்று பேசி அனுப்புகிறேன், இழவு வீட்டில் பேசுவதுபோல. மதிலுக்கு அந்தப் பக்கம் கச்சேரி.

ஜூன் 15, ஞாயிறு

கம்பெனிக்கு லீவு. நாய்களுக்கு இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

முத்தாயி அக்கா இந்தத் தெருவுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கம்மாபுரம் பக்கம் இருந்த நிலமும் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு, மகன் மணி இங்கே ஒரு வீட்டை வாங்கி அம்மாவைக் குடிவைத்துவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டான். அக்காவோடு வந்தவை ராசாத்தி, கருப்பன், செவலை. அங்கே வயல்வெளியில் இஷ்டத்துக்கு ஓடியவை. இங்கே சிமெண்டுத் தரை, கழுத்தில் சங்கிலி. எனக்கும் புரிகிறது. புரிந்து நான் என்ன செய்ய?

"யக்கா, எங்க வூட்டுக்காரு தூங்கறதே பகல்லதான். அதுங்கள கொஞ்சம் உள்ள கட்டக் கூடாதா?"

"உள்ள கட்டினா இன்னும்தான் கத்துதுங்க. வேணும்னா கத்துதுங்க? எடம் புடிக்கல, கத்துதுங்க."

"அப்ப எங்காளு எங்க போயி தூங்கறது?"

"நான் மட்டும் இங்க தூங்கறனா?" என்றாள்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தச் சனியனுங்களுக்கு ஒரு சாவு வராதான்னு நடுத்தெருவுல நின்னு கத்திட்டு வந்துட்டேன். அத்தனை வீட்டிலும் எட்டிப் பார்த்தார்கள். அக்கா ராசாத்தியின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 3, வியாழன்

பயந்தது நடந்துவிட்டது. ராத்திரி சூளை முன்னால் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டாராம். சூடு கண்டபடி ஏறி, அடுக்கியிருந்த பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகக் கிடந்தனவாம். தட்டிப் பிரித்தால் உடைகிறது. ஒரு சூளைச் சரக்கு முழுக்கக் குப்பைமேட்டுக்குப் போய்விட்டது.

முதலாளி நடராசன் கத்தவில்லையாம். "தங்கராசு, இன்னொரு வாட்டி இப்படி ஆச்சின்னா சூளைப் பக்கம் வராத. மண்ணு மூட்டை தூக்கறதா இருந்தா வா" என்று மட்டும் சொன்னாராம். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்கிறார் இவர்.

இந்த ஊரில் சூளையைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. இந்த வயதில் மூட்டை தூக்கினால் இடுப்பு எத்தனை நாள் தாங்கும்? அதற்கப்புறம்? சௌந்தர்யாவைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகள் வீட்டில் போய்ச் சோற்றுக்கு நிற்கவா?

போட்ட சோறு அப்படியே இருந்தது. நாய்கள் குரைத்தன. அவர் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 4, வெள்ளி

நாய்ப் புகாரோடு நகராட்சியில் இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கினேன். "தெரு நாயின்னா புடிப்பாங்க. இது வூட்டு நாயி, கட்டி வேற போட்டிருக்காங்க. நாங்க இன்னா பண்றது?" என்றார் ஒருவர். இன்னொருவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் பொண்டாட்டி பேசும்போது அவர் அப்படித்தான் செய்கிறாரோ என்னவோ.

ஜூலை 7, திங்கள்

மனுஷர்களிடம் சொல்லி ஆகவில்லை என்றால் விருத்தாசலத்துக்காரி வேறு எங்கே போவாள்? மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். இந்த ஊர், இந்தத் தெரு, தங்கராசு மனைவி வேல்விழி எழுதிக்கொள்வது. பக்கத்து வீட்டு முத்தாயியின் நாய்களால் என் வீட்டுக்காரர் வேலை போகும் நிலையில் இருக்கிறது. சாமி விசாரித்துத் தீர்த்துவைக்க வேண்டும். பூசை வைத்துக் கொடுத்த தாளைச் சுருட்டி முனியப்பர் சன்னதி வேலில் கட்டினேன். பக்கத்தில் ஒருத்தி காணாமல்போன மாட்டுக்காகக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும். காரியம் முடிந்ததும் போய் ராஜினாமா கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

திரும்பி வந்தபோது முத்தாயி அக்கா வாசலில் நின்றாள். "பிராது கட்டிட்டேங்க்கா" என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன். அக்கா முகம் வெளுத்துப்போனது. இவரிடம் சொன்னால், "சாமிக்கு வேற வேலை இல்லியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 19, சனி

சாமி இன்னும் விசாரணையை எடுக்கவில்லை போலிருக்கிறது. பொழுது சாயும்வரை குரைப்பு. நடுவே இவர் எழுந்து வந்து, தூங்கினால் கனவிலும் குரைக்கிறது என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் அவர் வந்தார், குளித்தார், படுத்தார், தூங்கிவிட்டார். எனக்கு ஆச்சரியம். என்ன இன்றைக்குச் சத்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டே கீரை ஆய்ந்தேன். அப்புறம்தான் ஓலம் கேட்டது. நாய் இல்லை, முத்தாயி அக்கா.

ஓடினேன். கருப்பன் விறைத்துக் கிடந்தது. செவலை சாக்கடை ஓரம் வாந்தி எடுத்துக்கொண்டு நின்றது. அக்கா ராசாத்தியை மடியில் போட்டு வாயைப் பிளந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய மோர் நுரையோடு வெளியே வழிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

அதுங்க சாகணும்னா நான் எழுதினேன்? விசாரிச்சித் தீர்த்து வைன்னுதான எழுதினேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

என் பிராது பலித்துவிட்டது என்று தெருவில் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. குழாயடியில் நான் போனால் குடத்தை நகர்த்தி வழி விடுகிறார்கள். எதிர்வீட்டு அன்பரசி தனியாகக் கூப்பிட்டு, "எங்க ஓரகத்தி மேல ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன், எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுங்கக்கா" என்கிறாள். பொய் சொல்ல மாட்டேன், பிடித்துத்தான் இருந்தது. ஒரு வரி விடாமல் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். ராசாத்தியும் செத்துவிட்டது, செவலை மட்டும் பிழைத்துக்கொண்டது. ஆனால் குரைப்பதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ராஜினாமா கொடுக்கக் கோயிலுக்குப் போனேன். விழுந்து கும்பிட்டு எழுந்து திரும்பினால் வேலுக்கு அந்தப் பக்கம் முத்தாயி அக்கா. ஒரு தாளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என் மேலயாக்கா?"

"உம்மேல எதுக்கு? சாமி எடுத்துதுன்னா எடுத்துட்டுப் போவட்டும், அது குடுத்த உசுரு. மனுசன் மருந்து வெச்சிருந்தா, சாமி அந்த மனுசனக் கேக்கட்டும்."

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அக்கா முன்சீட்டு, நான் பின்சீட்டு.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஒரு நிமிஷம்தான், பிறகு பிசைந்தார். அந்தக் கை நின்றதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கேட்டுவிட்டேன். மறைக்கக்கூட இல்லை. டூட்டி முடிந்து வருகிற வழியில் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி, எலி மருந்தைக் கலந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டாராம்.

"நீ காயிதத்தக் கட்டிட்டு உக்காந்துக்குவ. வேலை போச்சின்னா உங்க சாமியா சோறு போடும்?"

"அப்ப ராஜினாமா குடுக்க என்னை ஏன் போவ விட்டீங்க?"

"போனா இன்னா? நல்லதாப் போச்சி. பழி சாமி மேல போயிடுச்சி. எவனும் என்ன ஒரு வார்த்த கேக்கல பாத்தியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நடக்காத தீர்ப்புக்கு விழுந்து விழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். குழாயடியில் தலையை நிமிர்த்திக்கொண்டு வேறு நடந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. சாமி என்னைப் பற்றி என்ன நினைக்கும்?

ஆகஸ்ட் 13, புதன்

இவருக்குச் சூளைக் கதவு பட்டு முழங்கைக்குக் கீழே கொப்புளம். "சூளைன்னா சுடாதா?" என்கிறார். எத்தனையோ தடவை சுட்டிருக்கிறது. மருந்தைத் தடவிவிட்டு மறந்துபோவேன். இந்தத் தடவை மறக்க முடியவில்லை. அக்கா கட்டிய பிராது அங்கே வேலில் தொங்குகிறது. இவர் போய் நிற்பதோ நெருப்பு முன்னால். சாமி தேடிக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மறுபடி கோயில். அடுத்தவர் கட்டிய பிராதை நாம் எடுக்கலாமா என்று கேட்டேன். கட்டியவர்கள்தான் எடுக்க வேண்டுமாம். கேட்காமலே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

முத்தாயி அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செவலை, சங்கிலி இல்லாமல். போய் எதிரே உட்கார்ந்தேன். நேற்றே முடிவு செய்ததுதான். வருகிற தண்டனை எனக்கு வரட்டும் என்று.

"யக்கா, நான்தான் மருந்து வெச்சேன்."

அக்கா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீ வெக்கல. உன் கோவமெல்லாம் வாயோட சரி."

"இல்லக்கா, நான்தான்—"

"அன்னிக்குக் காலையில உம் புருசன் மதிலாண்ட நின்னு ராசாத்தின்னு கூப்புட்டாரு. நான் உள்ள பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன், நல்லா கேட்டுது. என்னைக்கும் இல்லாம பேர் சொல்லிக் கூப்புடறாரே, மனசு எறங்கிட்டாரு போலன்னு சந்தோசப்பட்டேன்டி. அதுவும் வால ஆட்டிக்கிட்டுப் போச்சி."

பரோட்டா போட்டேன் என்றாரே தவிர, பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று சொல்லவில்லையே. அந்தப் பேர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"அவரு பேர் போட்டுத்தான் கட்டியிருக்கேன்" என்றாள்.

"எடுத்துடுங்கக்கா. உங்க கால்ல வேணா விழறேன்."

"நீ எதுக்கு விழற? அவரு வரட்டும். வந்து, ஆமா பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். போயி எடுத்துட்டு வந்துடறேன். செத்தது திரும்பியா வரப்போவுது?"

ஆகஸ்ட் 21, வியாழன்

சொன்னேன். "ஒரு நாய்க்காக நான் போயி அவ வாசல்ல நிக்கணுமா?" என்றார். கெஞ்சினேன். கேட்கவில்லை. அழுதேன், கத்தினேன். அந்தப் பேரைச் சொல்லி எப்படிங்க கூப்பிட்டீங்க, எப்படி வாய் வந்துச்சின்னு கத்தினேன்.

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கத்தாத விழி. கத்தினதுங்களுக்கு என்னாச்சின்னு பாத்த இல்ல?"

சிரித்தபடிதான் சொன்னார். பிறகு சோறு கேட்டார். போட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

விளையாட்டாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டதா என்று அன்பரசி கேட்டாள். இல்லையே என்றேன். "பின்ன ஏங்க்கா இப்பல்லாம் இவ்ளோ மெதுவாப் பேசறீங்க?" என்கிறாள்.

சௌந்தர்யா போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாகத் தூங்குகிறார் என்றேன். நீ எப்படிம்மா இருக்கே என்றாள். குக்கர் விசில் வருகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

டீ போட்டு இறக்கி வைத்துவிட்டுக் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் இவர் எனக்கும் ஊற்றி வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலை. "ஆறிடும், குடி விழி" என்றார். குடித்தேன். முழுக்கக் குடித்தேன். ஆனால் குடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் தம்ளரைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

நவம்பர் 3, திங்கள்

அக்கா பிராது கட்டி நாளையோடு மூன்று மாதம்.

காலையில் அவர் வந்தார். கை கால் முழுசாக, நல்ல பசியோடு. "மொதலாளி இப்பல்லாம் என்ன விட்டா ஆளில்லன்றாரு" என்றார். இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். படுத்தவுடன் தூங்கிவிட்டார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு ஏறி இறங்கியது. கையில் கொப்புளம் இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் முத்தாயி அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மதிலோரம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏண்டி, அவருக்கு ஒண்ணும் ஆவலையா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.