சகலையின் கம்பு

அக்காள் வீட்டில் தங்கியிருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகள் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்களாம், வண்டிக்காரர் சொன்னார். சந்தோஷம். சின்னவள் உன் அக்காள் புருஷன் மடியில் உட்கார்ந்துதான் கூழ் குடிப்பாளாமே. அதையும் சொன்னார்.

போன வருஷம் அவர் பாதி நிலத்தில் கம்பு விதைத்தபோது, "பருத்தி இம்புட்டு விலை போகுது, இவரு கஞ்சிக்கு விதைக்காரு" என்று ராஜபாளையம் சந்தையில் சிரித்தவன் நான். இரண்டு பேர் பருத்தியும்தான் மழையில் அழுகியது. அவர் தெருவே இன்று அவர் கம்பில் பசியாறுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்கு எழுத்து தெரியாது. இதை வாசித்துக்காட்டுவதும் அவர்தான்.

சகலை, இனி வருவதை அவளுக்கு வாசிக்க வேண்டாம். விதைக்கம்பு இரண்டு படி கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மடியில் இருப்பவளின் தகப்பன்