சும்மாடு என்றால் கிரீடம் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, உங்கள் மூன்று பேருக்கும் அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று பயந்துவிடாதே. போனில் சில விஷயம் எனக்குச் சொல்ல வராது. நான் தொண்டையைக் கனைத்து ஆரம்பிப்பதற்குள் நீ "அப்பா, கேக்குதா, கேக்குதா" என்பாய், பேத்தி போனைப் பிடுங்குவாள், மாப்பிள்ளை பின்னால் நின்று கை ஆட்டுவார், நானும் பல்லைக் காட்டிவிட்டு வைத்துவிடுவேன். காகிதம் என்றால் குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். இங்கே குறுக்கே பேச ஆள் இல்லாமல்தான் பெரிய பாடாக இருக்கிறது. உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியும் கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அளக்கிறது. மிஞ்சியதை மறுநாள் சாப்பிடுகிறேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சமையல், அந்த மட்டும் லாபம். டிவியைக் கூடத்தில் ஓடவிட்டு நான் உள்ளறையில் உட்கார்ந்துகொள்கிறேன், வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். முழங்கால் பரவாயில்லை. படி ஏறினால் மட்டும் ஏன்டா ஏறுகிறாய் என்று கேட்கிறது.

நீ அனுப்பிய ஆபீஸ் பத்திரிகை வந்தது. உன் படத்தைப் பார்த்தேன், கழுத்தை நிமிர்த்தி நன்றாக உட்கார்ந்திருக்கிறாய், கொஞ்சம் இளைத்துவிட்டாய். அந்த ஊர் எழுத்து எனக்கு எங்கே தெரிகிறது, அதைப் படிக்கத் தெரிந்த மருந்துக்கடை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததைப் படித்தாள், நான் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டேன். அடுத்ததாக, "சும்மாடு என்ற எங்கள் குடும்பப் பெயருக்கு எங்கள் மொழியில் கிரீடம் என்று பொருள், அப்பா சொல்லியிருக்கிறார்" என்று நீ சொன்னதைப் படித்தாள். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ராஜ வம்சமா நீங்க, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே" என்று மாத்திரையை இரண்டு கையாலும் நீட்டினாள். கடையே சிரித்தது, நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை நீ, புது வீட்டு வாசற்கதவில் நம் பெயரைச் செதுக்கி அதற்கு மேலே ஒரு கிரீடமும் செதுக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த மாதம் முடிந்துவிடும் என்றாய். மரத்தில் உளி இறங்கிவிட்டால் அழிக்க முடியுமா? அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கண்ணு, சும்மாடு என்றால் கிரீடம் இல்லை. பாரம் சுமக்கிறவன் தலைக்கும் மூட்டைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளும் துணிச்சுருள், அவ்வளவுதான். பழைய துண்டை முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். தளர்வாகச் சுற்றினால் நாலு எட்டு வைப்பதற்குள் அவிழ்ந்து மூக்கில் விழும், இறுக்கிச் சுற்றினால் கல்லை வைத்தது போலக் குத்தும். குடம் சுமக்கிற பெண்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டி அப்படியே வைத்துக்கொள்வார்கள். தண்ணீர்ப் பானை உருளாமல் தரையில் வைப்பதும் சும்மாடுதானா என்று நூலகத்தில் பேப்பர் படிக்க வரும் ரிட்டயர்டு வாத்தியாரைக் கேட்டேன். அது பிரிமணை, தலையில் இருந்தால்தான் சும்மாடு என்று என்னைத் திருத்தினார். பெரிய அகராதியை எடுத்துப் புரட்டி, சுமையடை என்ற சொல்தான் வாயில் உருண்டு உருண்டு சும்மாடு ஆகியிருக்கிறது, சுமைக்கு அடியில் கொடுப்பது என்று அர்த்தம் என்றார். முப்பது வருஷம் தலையில் வைத்திருந்தவனுக்கு அதன் அர்த்தம் புத்தகத்தில்தான் கிடைக்க வேண்டியிருந்தது பார். அப்புறம் அதற்கு வேறு உபயோகமும் உண்டு, மதியம் லாரி நிழலில் படுத்தால் அதுவே தலையணை, முகம் கழுவினால் அதுவே துடைக்கிற துணி. உன் அம்மாவுக்கு என் மேல் கோபம் வந்தால், "பேருக்கேத்த ஆளு, யாரு என்ன பாரம் குடுத்தாலும் அடியில போய் உக்காந்துக்குவீங்க" என்பாள். இப்போது அப்படித் திட்டக்கூட ஆளில்லை.

இது நமக்கு எப்படிக் குடும்பப் பெயராக ஆனது என்று கேள், சிரிப்பாய். என் தாத்தா சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினவர். ஒரு நாள் கூலியாட்களுக்கெல்லாம் அடையாளச் சீட்டு கொடுக்க ஒரு குமாஸ்தா வந்து மேஜை போட்டு உட்கார்ந்தாராம். தாத்தா முறை வந்தபோது குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேனாவை அவர் பக்கம் நீட்டி, குடும்பப் பெயர் என்ன என்று ஆபீஸ் பாஷையில் கேட்டிருக்கிறார். தாத்தாவுக்கு அது விளங்கவில்லை. பேனா தலையைக் காட்டுகிறது, அதிகாரி முன்னால் இதை வைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று பதறிப்போய்க் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "சும்மாடுங்க ஐயா" என்றாராம். எழுதியாயிற்று. தாத்தா, அப்பா, நான், நீ என்று நாலு பேர் அந்த ஒரு பதற்றத்தைப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்து இந்தப் பெயரில் வேறு குடும்பமே இல்லை. தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்க்காமலே கொண்டுவந்து போட்டுவிடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னை "சும்மா ஆடு, சும்மா ஆடு" என்று ஓட்டினதும், ஒருத்தி ஆடு மாதிரிக் கத்திக் காட்டினதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கிரீடம் என்று சொன்னேன் என்று உன் அம்மாவிடம் சாதித்தேன். அது முழு உண்மை இல்லை. நான் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறேன் என்றுதானே உன்னிடம் சொல்லிவைத்திருந்தேன். காலையில் சலவைச் சட்டையோடு கிளம்பி, அங்கே போய் மாற்றிக்கொள்வேன். நீ நாலாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள், உன் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில் லாரி இறக்க வேண்டி வந்தது. லாரி மேலே நின்று மூட்டை ஏற்றிவிட்டவன் நெட்டை, உனக்குத் தெரியும், நெட்டை மாமா. ஆறாவது மூட்டையோ ஏழாவதோ என் தலையில் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. நீ தோழிகளோடு வாசலுக்கு வந்தாய். நான் துண்டின் நுனியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பாரத்தோடு அப்படி நிற்கக் கூடாது, கழுத்து போய்விடும், இருந்தாலும் நின்றேன். அன்று சாயங்காலம் நீ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "அப்பா, சும்மாடுன்னா என்ன?" என்றாய். கிரீடம் என்று வாயில் வந்துவிட்டது. உன் நோட்டில் ஒன்று வரைந்தும் காட்டினேன். அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "வளர்ந்ததும் அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள், நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே அம்மாவையும் அனுப்பிவிட்டேன். செய்த வேலைக்கு நான் வெட்கப்பட்டேன் கண்ணு, அதுதான் நிஜம். அந்த வேலைதான் உன்னைப் படிக்க வைத்தது, அதற்குப் போய் வெட்கப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை இவ்வளவுதான் எழுதினேன், கை வலித்தது, நிறுத்திவிட்டேன். இன்றைக்கு வெள்ளி. காலையில் நெட்டை வந்தான். அவனுக்குக் காது மந்தம், நான் கத்திக் கத்திக் கடிதம் முழுவதையும் படித்துக் காட்டினேன், தெருவுக்கே கேட்டிருக்கும். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "பாப்பாவுக்கு அன்னிக்கே தெரியுமேடா" என்றான். நான் சுவரைப் பார்த்து நின்றுவிட்டுக் கடைக்குள் மூட்டையைக் கொண்டுபோனேன் இல்லையா, அதற்குள் நீ சாலையைத் தாண்டி லாரிக்குப் பக்கத்தில் வந்தாயாம். "மாமா, அப்பா தலையில இருக்கறதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டாயாம். அவன் சொன்னானாம். நான் வெளியே வருகிறேன் என்று தெரிந்ததும் ஓடிப்போனாயாம். ஏன்டா இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கத்தினேன். பாப்பா உன்னிடம் சொல்லியிருக்கும் என்று நினைத்தேன் என்கிறான் மடையன்.

அவன் போன பிறகுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. டிவியைக்கூட அணைத்துவிட்டேன். அப்படியானால் நீ தெரிந்துகொண்டுதான் அன்று சாயங்காலம் என்னைக் கேட்டிருக்கிறாய். நான் கிரீடம் என்றதும், "சரிப்பா" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினாய். ஒன்பது வயசு உனக்கு. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை பெயரைப் போட்டுக்கொள் என்று நானே சொல்லியும் மாட்டேன் என்று நின்றதும் தெரிந்துதான். பத்திரிகைக்காரர்களிடம் அப்பா சொல்லியிருக்கிறார் என்று சொன்னதும் தெரிந்துதான். இந்தப் பொய்யை இத்தனை வருஷமும் நான் ஒருத்தன்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்து மருகினேனே, நீயும் உன் பக்கத்தில் தனியாகவே வைத்திருந்திருக்கிறாய். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் தூங்கி, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை நாம். இப்போது நீ எங்கேயோ தூரத்தில் இருக்கிறாய். இந்நேரம் நீ கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எழுந்து வந்து உன் தலையைத் தொட்டிருப்பேன்.

கதவில் என்ன செதுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. புது வீட்டில் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் இருங்கள். பேத்தி நன்றாகச் சாப்பிட்டுக் கொழுகொழுவென்று வளரட்டும். நீ வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையையும் பேத்தியையும் கொஞ்சநேரம் வெளியே அனுப்பிவிட்டுக் கூப்பிடு. கேக்குதா கேக்குதா என்று கேட்காதே, எனக்குக் கேட்கும். சும்மாடு என்றால் என்ன என்று மட்டும் இன்னொரு தரம் கேள். இந்தத் தடவை சரியாகச் சொல்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா