ஏழாவது பெயர்

திருமுடிவாக்கம்
17.10.94

அன்புள்ள கங்கம்மா,

நான் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

ஆயுதபூஜையன்று பொரி கொடுத்த கையோடு, ஆட்குறைப்புப் பட்டியலை எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லி முதலாளி என்னிடம் நீட்டினார். "நீதான்யா நிறுத்தி நிதானமா பேசுவே. ஒவ்வொரு பேருக்கும் டைம் குடு, மனசுல ஏறணும்" என்றார். எனக்குப் பெருமை வேறு!

ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தினேன். "இன்னாபா, இழுத்துக்கினே கீறே? சீக்கிரம் படி" என்று வேதாசலம் அண்ணன் கத்தினார். ஆறாவது பெயர் அவருடையது. ஏழாவது என்னுடையது. அதற்கு மட்டும் நிறுத்தாமல் படித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

கவலைப்படாதே. குரோம்பேட்டையில் விசாரிக்கிறேன். டிரங்குப் பெட்டியிலுள்ள என் ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. கொஞ்சம் ஊறுகாயும்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். அம்மாவுக்கு இதை வாசிக்கும்போது ஆறாவது பெயரோடு நிறுத்திவிடு.

உன்,
ரத்தினம்