லிஃப்ட் கதவு

சின்னக்குட்டிக்கு,

கால்வலி பரவாயில்லை. நேற்று வரை ஐந்து மாடியும் படியேறித்தான் வந்தேன். நீ கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒருவரோடு குடியிருப்பது தெரிந்த நாளிலிருந்து, நான் லிஃப்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் வாய் திறக்காமல் வெளியேறிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டடத்தில் அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது யார் தெரியுமா? உன் அம்மாதான். மூன்றாம் மாடிக்காரி புருஷனை விட்டு வந்தபோது, எல்லாரையும் கையைப் பிடித்து லிஃப்டிலிருந்து வெளியே இழுத்தவள் நான். பதினோரு வருஷமாக அவள் தனியாகத்தான் ஏறி இறங்குகிறாள்.

நேற்று கீழே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரம்மா அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்: "உங்க பொண்ணு அவனோட இங்க கால வச்சா, நாங்க சும்மா இருக்க மாட்டோம்!"

காய்கறிப் பையோடு படிப்பக்கம் திரும்பினேன். லிஃப்டுக்குள் மூன்றாம் மாடிக்காரி மட்டும் நின்றிருந்தாள். கதவு மூடாமல் காலை வைத்துத் தடுத்தாள்.

"ஏறுங்கக்கா. உள்ள நிறைய இடமிருக்கு."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் ஏறிவிட்டேன்.

பின்பக்கப் படி வழியாக யாருக்கும் தெரியாமல் வருகிறோம் என்று எழுதியிருந்தாயே, வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு, எல்லாரும் கீழே நின்று பேசும் நேரத்தில், அவரையும் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வா.

லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன்.

உன் அம்மா